கை மட்டும் போதுமா?

ஆளில்லாத வேலை என்று உலகில் ஒன்று உண்டா? உண்டு என்றே நினைப்பர், ஜப்பானின் பேமிலிமார்ட் கடைகளில் குளிர்பானப் புட்டிகளை அடுக்கும் ரோபோவைக் காண்போர். டோக்கியோவிலுள்ள டெலிஎக்சிஸ்டன்ஸ் நிறுவனம் அதனை 300 கடைகளில் நிறுவப்போவதாக 2022இல் அறிவித்தது. நாளொன்றுக்கு 1,000 புட்டிகள் வரை அடுக்கும் என்றும் கூறியது.

ஆயினும் அக்கருவிக்கும் கை தவறும். புட்டி நழுவிச் சாய்ந்ததும், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் ஓர் இளைஞர் மெய்நிகர்க் காட்சிக் கருவியைக் கண்களில் மாட்டிக்கொண்டு ரோபோவின் கையை இயக்குகிறார், புட்டி நிமிர்கிறது. 2025இல் வெளிவந்த செய்திகளின்படி, இப்பணியில் ஏறக்குறைய 60 பேர் இருந்தனர். அவர்தம் மாத ஊதியம் 250 முதல் 315 டாலர்.

டோக்கியோவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். மாதம் 160 மணி நேரம் உழைப்பவருக்கு அது ஏறத்தாழ 1,200 டாலர். கடை ஒன்று, அலமாரி ஒன்று, புட்டியும் ஒன்று. கூலி மட்டும் ஏன் கடல் கடந்ததும் கால்பங்காய்ச் சுருங்கியது?

ஜப்பானில் முதியோர் பெருகிவிட்டனர், வேலைக்கு ஆள் இல்லை என்பர். உண்மைதான். குளிரில் நின்று சுமை தூக்கும் வேலையைக் கருவி ஏற்பது நன்றே. கருவியோடு நமக்குப் பகையில்லை. பிலிப்பைன்ஸ் மக்கள் பல இலட்சம் பேர் வீட்டைப் பிரிந்து வெளிநாடுகளில் உழைக்கையில், சொந்த ஊரிலேயே வேலை கிடைப்பது நலமன்றோ என்றும் கேட்பர். நலமே. ஆனால் குடும்பத்தோடு வாழும் உரிமைக்கு விலையாக ஊதியத்தின் பெரும்பகுதியைப் பறிகொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

உழைப்பாளியின் கை வேண்டும். ஆள் வேண்டாம் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள். ஆள் வந்தால் குடியிருக்க இடம் வேண்டும். நோயுற்றால் மருந்து வேண்டும். சங்கம் அமைப்பார், உரிமை கேட்பார். கைக்கு வாயில்லை. எல்லை கடந்து வரும் கைக்கு எந்நாட்டுத் தொழிற்சட்டம் காவல்? இதற்கு விடை கூறாமல் இதனை முன்னேற்றம் என்று கொண்டாடுவது பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. தொலைவிலிருந்து செய்யப்படும் ஒவ்வோர் அசைவும் பதிவாகிறது. அப்பதிவே நாளைய ரோபோவுக்குப் பாடமாகிறது. ஆசிரியருக்குரிய பணியைச் செய்பவருக்குக் காவலாளியின் கூலி. பாடம் முடிந்ததும் அப்பணியும் நிலைக்குமா?

எனவே நாம் கேட்பவை மூன்று: கை உழைக்கும் நாட்டின் கூலியை அளவுகோலாகக் கொண்டு ஊதியம் அமைக, அந்நாட்டுச் சட்டத்தின் காவலும் அவ்வுழைப்பாளிக்குக் கிட்டுக, அவர் புகட்டிய திறனால் விளையும் இலாபத்தில் அவருக்கும் பங்கு வருக. இவற்றைத் தர மனமில்லாதோர், 'ரோபோ அடுக்கியது' என்று சொல்வதையேனும் நிறுத்தட்டும். அடுக்கியவர் மனிதர், நம் அயலார்.