முதலிபாளையம் சிட்கோ சாலைகளில் சைக்கிளுக்கும் இடம் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
முதலிபாளையம் வட்டாரத்தில் சைக்கிளில் வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் சங்கத்தின் நிர்வாகிகள், உறுப்பினர்கள்,
முதலிபாளையம், திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வரும் சாலைகளில் சைக்கிளில் செல்வோருக்குப் பாதுகாப்பான வழி அமைத்தல், ஷிப்ட் நேரங்களில் கனரக வாகனங்களை முறைப்படுத்துதல், சாலைத் திட்டமிடலில் சைக்கிள் ஓட்டுவோரைக் கலந்தாலோசித்தல் – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் உடம்பு இளைக்கச் சைக்கிள் மிதிப்பவர்கள் அல்லர். பவர் டேபிள் டெய்லர்கள், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் வேலை பார்ப்பவர்கள், நிட்டிங் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் ஓட்டுபவர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி சைக்கிள். கம்பெனி வேன் எல்லாத் தெருவுக்கும் வராது. டவுன் பஸ் ஒன்றரை ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் காத்திருக்காது.

அந்தச் சைக்கிளைப் பலருக்குக் கொடுத்ததே அரசுதான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவர் எல்லோருக்குமாக விரிந்தது. பிளஸ் ஒன்னில் சைக்கிள் வாங்கிய பெண் பிள்ளை, படிப்பு முடிந்ததும் அதே வண்டியில்தான் முதல் நாள் கம்பெனிக்கு வருகிறாள். இருபது ஆண்டுக்கு மேலாக இலட்சக்கணக்கில் சைக்கிள் வழங்கிய மாநிலத்தில், அந்தச் சைக்கிள் உருளச் சாலையில் ஒரு இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்பதே எங்கள் மனுவின் சாரம்.

இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. நல்லூர் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. முதலிபாளையம் ஊராட்சி. காங்கயம் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் சிட்கோ. நல்லூரில் குடியிருக்கும் ஒரு டெய்லர் வேலைக்கு வந்து சேர்வதற்குள் இத்தனை நிர்வாக எல்லைகளைத் தாண்டுகிறார். எல்லை மாறும் இடங்களில்தான் தெருவிளக்கு நின்றுபோகிறது, தார் நின்றுபோகிறது. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபின், தெருமுனையில் நிறுத்திக் கேட்க எங்களுக்கு ஆளும் இல்லாமல் போயிற்று. இந்த எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான தாங்கள் ஒருவரே.

எங்கள் முதல் கோரிக்கைக்குப் பெரிய செலவு ஆகாது. சாலை ஓரத்தைச் சரிசெய்ய வேண்டும். பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டு, பல இடங்களில் தாரின் விளிம்பு பக்கத்து மண்ணைவிட அரை அடி உயர்ந்து நிற்கிறது. பின்னால் டிப்பர் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? ஒதுங்குவார். ஒதுங்கினால் முன்சக்கரம் விளிம்பிலிருந்து இறங்கி மண்ணில் புதையும். மறுபடி ஏற முயலும்போது சக்கரம் அந்த விளிம்பிலேயே உரசி வண்டி சாலைக்குள் சாயும், லாரி வரும் பக்கமாக. இப்படி விழுவதற்கு ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமல்ல. சாலையின் அமைப்பே அப்படித் தள்ளிவிடுகிறது. கேரியரில் டிபன் பாக்ஸோ குழந்தையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளத்துக்குப் போகாமல் இருக்க வந்த அந்த அறிவுறுத்தல் எங்கள் சாலைகளுக்கும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டால், சைக்கிள்காரர்களும் பிழைப்பார்கள். இப்போதுள்ள விளிம்புகளை மழைக்கு முன் கிராவல் கொட்டி, இறுக்கி, தார்மட்டத்துக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது, தனிப் பாதை. காங்கயம் சாலையிலிருந்து தொழிற்பேட்டை வரை இருபுறமும் குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்தில், வண்டிகள் ஏற முடியாதபடி தடுப்புக்கல் வைத்த சைக்கிள் பாதை வேண்டும். வெள்ளைக் கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்து கொடுப்பது எங்களுக்கு வேண்டாம். கோடு போட்ட மறுநாளே அது லோடு ஏற்றும் குட்டியானைகளின் ஸ்டாண்டாகிவிடும். இந்திய சாலைக் காங்கிரஸ் சைக்கிள் பாதைகளுக்கென்றே ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. 2015இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. அதன்படி வரைபடம் போட நெடுஞ்சாலைத் துறையைத் தாங்கள் பணிக்க வேண்டும். துண்டு துண்டாகப் போட்டால் பயன் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஸ்பெயினின் செவில் நகரம் 2006க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியது. அதுவரை சைக்கிளே அரிதாயிருந்த ஊரில் சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. எங்கள் ஊரில் சைக்கிள்காரர்களைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இருப்பவர்கள் பயத்தில் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குக் கடன் வாங்கிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாதையை ஒட்டி நிழல் மரமும் வேண்டும். ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்று ஆண்டுதோறும் மரம் நடும் பழக்கம் 2015 முதலே உள்ள மாவட்டம் இது, அதற்குக் கை கொடுக்க ஆட்கள் கிடைப்பார்கள்.

பாதை போடுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். போக்குவரத்தைக் கணக்கெடுக்கும்போது பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் கார் அளவுக்கு மாற்றுவார்கள். ஊர்ப்புறச் சாலைக்கான ஐ.ஆர்.சி. கணக்கில் ஒரு சைக்கிள் அரைக் கார். அரைக் காராக எண்ணப்படுவதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் பகல் பதினொரு மணிக்கு எண்ணினால் அந்த அரையும் விழாது, ஏனென்றால் அப்போது நாங்கள் மெஷினுக்கு முன்னால் இருப்போம். காலை ஏழரை முதல் ஒன்பது வரையிலும், இரவு எட்டு முதல் ஒன்பதரை வரையிலும் எண்ண வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போவோரில் நாடு முழுவதும் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனதாகப் பதிவாயிற்று. பனியன் வட்டாரத்துக்கென்று அப்படியொரு எண் இன்று யாரிடம் கேட்டாலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தொழிற்பேட்டையிலேயே இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி மாணவர்கள் முன்வந்தால், அவர்களோடு சேர்ந்து எங்கள் உறுப்பினர்களே நின்று எண்ணித் தருகிறோம். சம்பளம் வேண்டாம், ஒரு மாவட்டக் கடிதம் மட்டும் வேண்டும், அது இல்லாவிட்டால் வாட்ச்மேன்கூட கேட்டில் நிற்க விடமாட்டார்.

காலை எட்டு முதல் ஒன்பது மணி வரை டிப்பர், கன்டெய்னர், தண்ணீர் லாரிகள் இச்சாலைகளில் வராதபடி தடை வேண்டும். கம்பெனிகளின் முன் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கு சிட்கோ வளாகத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டும். அவற்றைச் சுற்றிப் போகத்தான் நாங்கள் நடுச்சாலைக்கு வருகிறோம். சாக்கடை மூடிகளின் கம்பிகள் போகும் திசையிலேயே இருப்பதால் சக்கரம் சிக்குகிறது. குறுக்கே திருப்பி வைத்தால் போதும். இரவு வீடு திரும்பும் நேரத்தில் எரியாத தெருவிளக்குகள், துரத்தும் நாய்கள் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. கம்பெனிகளில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும் என்பதைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்திடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம். புகையில்லாத உற்பத்தி பற்றி வெளிநாட்டு பையர்களுக்கு அறிக்கை அனுப்பும் முதலாளிகள், புகையில்லாமல் வேலைக்கு வருபவனின் வண்டி நனையாமல் இருக்க ஒரு தகரம் போடலாம்.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், 138(1ஏ) பிரிவில், மோட்டார் இல்லாத வண்டிகளுக்காகவும் நடப்போருக்காகவும் மாநிலங்கள் விதி வகுக்க இடம் தந்தது. 198ஏ பிரிவு, சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. (இதைக் காட்டி மிரட்டுவது எங்கள் நோக்கம் அல்ல.) கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், 138(1ஏ) பிரிவின் கீழும், சாலைத் தரம் பற்றிய 210டி பிரிவின் கீழும் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2022இல் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 4,800க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் போனவர்கள். மாநில விதிகளை மாவட்டத்தில் செயல்படுத்திப் பார்க்கும் முதல் சாலையாக எங்கள் சாலை இருக்கட்டும் என்பது எங்கள் விருப்பம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை மாவட்ட நிர்வாகத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டார். கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் மிதிக்கக் கற்றார்கள். வண்டி வாங்கக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள், சில மாதங்களில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. இங்கே கம்பெனி வேனை விட்டால் வேறு வழியில்லாத பெண்கள், வேன் வருகிற கம்பெனியில்தான் வேலை பார்க்க முடிகிறது. பக்கத்துக் கம்பெனியில் பீஸ் ரேட் கூட என்று தெரிந்தாலும் மாற முடிவதில்லை. ஆகவே மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகச் சைக்கிள் கடனும், ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் பயிற்சியும் ஏற்பாடு செய்யக் கோருகிறோம். கற்றுக்கொடுக்க எங்கள் பெண் உறுப்பினர்கள் தயார். ஆனால் பாதை இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுப்பது அவர்களை லாரிக்கு முன்னால் அனுப்புவதாகும்.

எங்களுக்கு வேண்டாதவற்றையும் பணிவுடன் தெரிவிக்கிறோம். செல்போன் ஆப்பில் திறக்கும் வாடகைச் சைக்கிள்கள் இப்போதைக்கு வேண்டாம். விழிப்புணர்வுப் பேரணியும் வேண்டாம். அதற்கான டி-ஷர்ட்டை எப்படியும் நாங்கள்தான் தைப்போம். சாலை பற்றிய கூட்டங்களில் சைக்கிளில் வருபவர் ஒருவரும், ஒரு பெண் டெய்லரும், வடமாநிலத் தொழிலாளர் ஒருவரும் இடம்பெற வேண்டும்; அறிவிப்புகள் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். கூட்டம் ஞாயிறன்று நடந்தால்தான் எங்களால் வர முடியும். வேலை நாளில் வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

எங்கள் பங்காக, பழைய சைக்கிள்களுக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம். பிரேக் கட்டை, பெல் பழுதுபார்க்கும் முகாமும் நடத்துகிறோம். விளக்கு இல்லாமல் எதிர்த்திசையில் வரும் எங்கள் ஆட்களை நாங்களே நிறுத்திச் சொல்லுவோம்.

அடுத்த மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சிட்கோ சாலையைச் சேர்க்குமாறும், அதற்கு முன் ஏதேனும் ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்கு முன்பாகத் தாங்களும் பொறியாளர்களும் நேரில் பார்வையிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம். காரில் வந்தால் விளிம்பு தெரியாது. சைக்கிள்களை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: உறுப்பினர் கையொப்பங்கள், விளிம்பு உயர்ந்துள்ள இடங்களைக் குறித்த கைவரைபடம்.

நகல்: ஆணையர், திருப்பூர் மாநகராட்சி, கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, சிட்கோ கிளை மேலாளர், முதலிபாளையம் ஊராட்சி தனி அலுவலர், போக்குவரத்துக் காவல் பிரிவு.