எஞ்சினுக்கு விலை உண்டு, குற்றத்துக்கு?

தோழனே!

ஒரு நாள் மாலை வாஞ்சூரிலே போய் நின்று பார். நாகூர் முடிந்து காரைக்கால் தொடங்கும் இடம். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் லாரிகள். திருநள்ளாறு செல்லும் பக்தர்களின் வேன்கள். இவற்றுக்கிடையே, மது மலிவு என்பதற்காகவே எல்லை தாண்டி வந்து, குடித்துவிட்டு, அதே மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்புவோர். பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சியை ஒப்படைத்துப் போயினர். அவர்கள் விட்டுச்சென்ற எல்லைக்கோடோ மதுவின் விலையிலே இன்னும் வாழ்கிறது!

இந்தச் சாலையில் ஆபத்தானவன் யார்? குழந்தையும் சொல்லும் விடையை, மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டணப் பட்டியல் மட்டும் சொல்ல மறுக்கிறது.

மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் என்பது மோதியவனின் வண்டிக்காக அன்று, மோதப்பட்டவனின் குடும்பத்துக்காக. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1946 முதல் கட்டாயம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி இன்றும் கட்டாயம். நல்ல ஏற்பாடு. ஆனால் விலை எப்படி?

2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலைப் பார். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 714 ரூபாய். 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094. அதே கார் வாடகைக்கு ஓடினால் 6,040. அதன்மேல் ஒவ்வொரு பயணிக்கும் 1,162. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு 16,049. எஞ்சினை அளந்தார்கள், எடையை அளந்தார்கள், ஓட்டுபவனின் நடத்தையை அளந்தார்களா? இல்லை!

பெரிய வண்டியால் பெருஞ்சேதம், நாள் முழுதும் ஓடும் வண்டியால் கூடுதல் ஆபத்து என்பர். ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு வண்டிகளில், இருபதாண்டு பழுதின்றி ஓட்டியவனும், குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவனும் ஒரே தொகை கட்டுவது எந்த நியாயம்? சொந்தச் சேதத்துக்கான பாலிசியிலோ, இழப்பீடு கேளாதவனுக்கு 20 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. தன் வண்டியின் தகரத்தைக் காத்தவனுக்குப் பரிசு. பிறர் உயிரைக் காத்தவனுக்குப் பட்டை நாமம்!

காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அவர்களைக் கேட்டுப் பார். அங்கே 1976 முதல் வேறு முறை. விபத்துக்குக் காரணமாகாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 விழுக்காடு குறைந்து, கட்டணம் பாதிவரை இறங்கும். குற்றம் தன்மீது என்றால், ஒவ்வொரு விபத்துக்கும் 25 விழுக்காடு ஏறி, மூன்றரை மடங்குவரை போகும். எந்தக் கம்பெனியும் சேர்க்க மறுத்தால், விலையை நிர்ணயித்து ஏற்கச் செய்ய ஒரு பொது அமைப்பும் இருக்கிறது. தண்டனை உண்டு, தள்ளிவைப்பு இல்லை!

இங்கேயும் 2021-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் குழுவொன்று, போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளியிட்டுப் பிரீமியத்தை உயர்த்தலாம் என்றது. குடித்து ஓட்டினால் 100 புள்ளி. தவறான இடத்தில் நிறுத்தினால் 10. கருத்து நன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை! கட்டணத்தை ஏற்றினால் பொல்லாதவன் திருந்துவானா, பாலிசியையே கைவிடுவானா? நாட்டு வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடுகின்றன என்று நாடாளுமன்ற நிதிநிலைக்குழு 2024-இல் எடுத்துக்காட்டியது. பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். அல்லது மூன்று மாதம் வரை சிறை. அப்படிப்பட்ட வண்டி மோதி ஒரு மீனவர் இறந்தால், அவர் மனைவி யாரிடம் போவாள்? பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தவிர வேறில்லாதவனிடம் தீர்ப்பை வாங்கி என்ன பயன்?

ஆகவே கோரிக்கை மூன்று. ஒன்று: மூன்றாம் தரப்புக் கட்டணம் நடத்தையையும் பார்க்கட்டும்; ஒழுங்காக ஓட்டுவோனுக்கு இறங்கட்டும், குடித்து ஓட்டுவோனுக்கு ஏறட்டும். இரண்டு: ஏறிய கட்டணத்தை லாரி முதலாளி, டிரைவரின் கூலியில் பிடிக்கக்கூடாது, தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னவன் அவன் அல்லவா? மூன்று: மது வரியை வாங்கும் புதுவை சர்க்கார், வாஞ்சூரிலும் பூவத்திலும் இரவுச் சோதனையை நாள்தோறும் நடத்தட்டும். வரி உனக்கு, பிணம் எங்களுக்கு என்பது ஆட்சியாகுமா?

கட்டணத்தை நிர்ணயிப்பது டில்லி. ஆயினும் கேட்கும் குரல் காரைக்காலிலிருந்து எழலாம்.

அதற்குமுன் ஒன்று செய், தோழனே! கொடி கட்டிய உன் வண்டியின் பாலிசித் தேதியை இன்றே பார். காலாவதியான காகிதத்தை வைத்துக்கொண்டு பிறரிடம் நீதி கேட்க நமக்கு வாயில்லை. கிளைக் கூட்டத்திலே முதல் வேலையாக அதைக் கேள்; இல்லாதவரைக் கட்டச் செய். பிறகு கோரிக்கையை எழுப்புவோம்!