ஷிவ்ற் முடிந்த பின்: துவக்குக்கு முதுகு காட்டி நடந்த கதை



சென்ற இதழில் பனிக்கால ரயர் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை எழுதப் போவது துவக்கைப் பற்றி. பயந்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது மான் சுடுகிற துவக்கு. அதுவும் மானைச் சுட்ட கதையல்ல, கடதாசியைச் சுட்ட கதை.

எங்கள் பக்டரியில் என்னோடு ஒரே மெசினில் நிற்பவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அடுத்த வருடம் பென்சன். சின்ன வயதிலிருந்தே ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர். சென்ற இலையுதிர் காலத்தில் புதிதாக ஒரு றைபிள் வாங்கினார். ‘.308’ என்று சொல்லும் ரகம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டும். "சனிக்கிழமை சுடுதிடலில் பரிசோதிக்கப் போகிறேன், வாறியா?" என்று கேட்டார். ஏன் ஓம் என்றேனோ தெரியாது. ஓவர்ரைம் இல்லாத சனிக்கிழமை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டில் சொன்னதும் மனிசி அகப்பையோடு திரும்பினா. "உங்களுக்கு விசரே? அங்க கேட்டது காணாதெண்டு இஞ்ச காசு குடுத்துக் கேக்கப் போறியளோ?"

அவ கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2009 இல் எனக்கு வயது 19. வன்னியில் நாங்கள் கேட்காத சத்தமில்லை. ஆனால் அதற்கு முந்திய காலமும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெரியப்பா இடியன் துவக்கு வைத்திருந்தார். மரை விழுந்தால் இறைச்சி ஊருக்கே பங்கு போகும். துவக்கு என்றால் இறைச்சி என்று நினைத்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது. அதைத் திரும்பப் பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

போவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு லைசன்ஸ் இல்லையே, பொலிஸ் பிடிக்காதா?" என்பதுதான். கனடாச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாதவர் துவக்கைத் தொடுவதானால் லைசன்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். அவர் அப்பால் போனால் நாமும் கையை எடுத்துவிட வேண்டும். சொந்தமாக வாங்குவதென்றால் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பிறகு விண்ணப்பம். முதல் தடவை விண்ணப்பிப்பவர் ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். வேட்டைக்கு வேறு வகுப்பு, வேறு அனுமதி. வீட்டில் வைப்பதென்றால் குண்டு இறக்கி, பூட்டித்தான் வைக்கலாம். இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். துவக்குச் சம்பந்தமான குற்றம் நாடு கடத்தல் வரைக்கும் கொண்டு போகலாம். யாராவது "இதைக் கொஞ்ச நாள் உன்ர வீட்டில வைச்சிரு" என்று தந்தால், கூடப்பிறந்தவன் என்றாலும் வேண்டாம்.

சுடுதிடல் ஒரு பற்றைக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நீளக் கொட்டில், அதற்குள் வரிசையாக வாங்குகள். எதிரே 25 யாரிலும் 100 யாரிலும் கடதாசி இலக்குகள். அவற்றுக்குப் பின்னால் பெரிய மண் அணை. மண் அணை எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த அணைக்குப் பின்னால் ஒருவரும் பதுங்கியிருக்கவில்லை. சன்னம் அதற்கப்பால் போகாமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறார்கள். இந்த வகைச் சன்னம் மேல்நோக்கிப் போனால் மூன்று கிலோமீற்றரையும் தாண்டுமாம். "சுடுகிறவன் இலக்கை மட்டும் பார்க்கக் கூடாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கு என்றும் பார்க்க வேணும்" என்றார் கிழவர்.

காதுக்குப் பக்டரியில் போடும் பஞ்சடைப்பானைப் போட்டு, அதற்கு மேல் மூடியும் போடச் சொன்னார். பக்டரியில் எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. றைபிள் சத்தம் 150 ஐத் தாண்டும். ஒரே வெடியில் காது நிரந்தரமாகப் பழுதாகலாம்.

முதல் வெடி அடுத்த வாங்கிலிருந்து வந்தது. நான் குந்திவிட்டேன். யோசித்துக் குந்தவில்லை, முழங்கால் தானாக மடங்கிவிட்டது. அந்த நேரத்தில் எத்தனை பேர் என்னைப் பார்த்தார்களோ தெரியாது. கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பிக் கப்பை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

அவர் செய்த வேலை எங்கள் மெசினை செற் பண்ணுவது போலத்தான். மண்மூட்டையில் றைபிளை அசையாமல் வைத்து முதலில் 25 யாரில் சுட்டார். சன்னம் 2 அங்குலம் இடது பக்கம் போயிருந்தது. தொலைநோக்கியின் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் 100 யாரில் கால் அங்குலம் நகரும். 25 யாரில் அதில் நாலில் ஒரு பங்குதான். ஆகவே 32 கிளிக். பிறகு 100 யாருக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டார். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் துவக்கும் கையும் சரி, குமிழைத் திருப்பினால் போதும். சிதறி விழுந்தால் வேறு பிழை தேட வேண்டும். ஒவ்வொரு மூன்று வெடிக்கும் பிறகு குழல் ஆறும் வரை காத்திருந்தோம். சூடான குழல் சன்னத்தை வேறிடத்தில் போடலாம். காட்டில் மானுக்குப் போவது ஆறிய குழலின் முதல் சன்னம்தான். கடைசியில் 100 யாரில் நடுவிலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தார். அப்படி வைத்தால் 200 யாரளவில் நேராக வரும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இலக்கைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் வந்தது. சுடுவதை நிறுத்தும்படி ஒருவர் சத்தமிட்டார். எல்லோரும் குண்டை இறக்கி, துவக்கைத் திறந்தபடி வாங்கில் வைத்துவிட்டுப் பின்னுக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொரு வாங்காகப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் எல்லோரும் முன்னுக்கு நடந்தோம். எனக்குப் பின்னால் எட்டுத் துவக்குகள். என் முதுகு கூசியது. நூறு யாருக்குள் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மற்றவர்கள் கடைக்குப் போவது போலக் கதைத்துக்கொண்டு நடந்தார்கள்.

"ஆட்கள் முன்னால் நிற்கும்போது ஒருவரும் துவக்கைத் தொடக் கூடாது. தொட்டால் இந்தத் திடலுக்கு அவன் திரும்ப வர ஏலாது" என்றார் கிழவர். அவ்வளவுதான் விதி. ஒருவரும் மற்றவரின் பெயரையோ மதத்தையோ கேட்கவில்லை. அந்த ஒரு விதியை எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்ற நம்பிக்கையில், முன்பின் தெரியாதவர்களின் துவக்குகளுக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். நான் வளர்ந்த இடத்தில் துவக்கு வைத்திருந்தவர் எவருக்கும் அப்படி முதுகைக் காட்டி நடந்ததில்லை.

கடைசியில் கிழவர் பக்கத்தில் நின்று என்னையும் ஒரு வெடி சுட வைத்தார். விரலை விசையில் வைக்காமல் வெளியே நீட்டி வைக்கச் சொன்னார். சுடும் அந்த நேரம் மட்டும் உள்ளே. சுட்டேன். தோள் அதிர்ந்தது. போய்ப் பார்த்தால் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ஓட்டை. "கடதாசியிலாவது பட்டதே" என்று நான் சிரித்தேன். கிழவர் சிரிக்கவில்லை.

"மானின் நெஞ்சுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுதான் இடம். அதில் பட்டால் கெதியில் விழும். இது வயிற்றில் பட்டிருக்கும். சாகும், ஆனால் நாளைக்கு."

அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லோடு நான் கன நேரம் நின்றேன். வயிற்றில் பட்டு, மருந்தில்லாமல், அடுத்த நாள் வரை கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு கிழவர் ஒரு மான் அப்படிக் கிடக்கக் கூடாது என்பதற்காக அரை நாளும் ஒரு பெட்டிச் சன்னமும் செலவழிக்கிறார். எங்களைச் சுட்டவர்கள் சன்னம் எங்கே போனது என்று எப்போதாவது போய்ப் பார்த்தார்களா?

புறப்படும்போது கிழவர் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கினார். நானும் பொறுக்கிக் கொடுத்தேன். சின்ன வயதில் நாங்களும் கோது பொறுக்கி விசில் ஊதியவர்கள்தான். ஒன்றை மகனுக்கு எடுத்துப் போகலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று அவருடைய பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

துவக்கு வாங்கும் எண்ணம் எனக்கில்லை. வேலையிடத்தில் யாராவது உங்களையும் கூப்பிட்டால், போவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போனால் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வையுங்கள்: "நான் யுத்தத்திலிருந்து வந்தவன், சத்தம் ஒத்துவராவிட்டால் திரும்பிவிடுவேன்." இதில் வெட்கமில்லை. நான் சொல்லாமல் போனது பிழை.

நவம்பரில் அவருக்கு மான் விழுந்தது. ஒரே வெடியாம். ஒரு துடையைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். மனிசி முதலில் முகத்தைச் சுழித்தா. பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு, "மரை வத்தல் மாதிரிப் போடலாம். ஆனா இந்தக் குளிருக்க எந்த வெயிலில காயவைக்கிறது?" என்றா. கடைசியில் மிளகு கூட்டிக் கறியாகத்தான் வைத்தோம். மகன் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.