நோயால் பிழைப்போர் கையில் சட்டத்தின் எழுதுகோலா?

சட்டம் சட்டசபையில் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் ஆங்கிலப் பள்ளியில் அமர்ந்து அவ்விதமே மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் பெற்றேன். பிறகு தோட்டத்து ஆபீசில் கிராணியாக அமர்ந்து, பேரேடும் செக்ரோலும் எழுதி வருகிற இத்தனை ஆண்டுகளில் வேறொரு பாடம் கற்றேன். எந்தக் காகிதமானாலும் சரி, அதன் வாசகத்தைப் படிக்கு முன்னர், அதை எழுதியவன் யார், எழுதியவனுக்குக் கூலி கொடுத்தவன் யார் என்று கேட்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அமெரிக்க நாட்டில் சட்டசபைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்துக்கு லாபி என்று பெயர். அத்தாழ்வாரத்தில் நின்று, உறுப்பினர்களைக் கண்டு பேசி, விருந்து வைத்து, தேர்தல் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்து, ஒரு மசோதாவைப் பிறப்பிக்கவோ, முடமாக்கவோ, கொன்றுவிடவோ செய்கிற தொழிலுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. அத்தொழில் நோயாளியின் தலைவிதியை எவ்விதம் எழுதியது என்பதையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

“அமெரிக்காக்காரன் நோய் அவனோடு, தோட்டத்தில் இருக்கும் நமக்கு அதைப் பற்றி என்ன?” என்று எங்கள் ஆபீசு நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதிலாக என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூட்டாக ஓர் இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதங்களை அனுப்பிற்று. பெயர் எழுதிக் கையொப்பம் வாங்குவது என் வேலை. “இங்கே போடுங்கள், இங்கேயும் போடுங்கள்” என்று விரலால் காட்டினேனேயன்றி, உள்ளே இருந்த வரிகளை ஒருவருக்கும் தமிழில் எடுத்துச் சொன்னேனில்லை. மறு ஆண்டு செம்பனைக் குலை ஏற்றும்போது ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையானார். கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: இது முன்னரே இருந்த நோய், ஆகையால் பணம் இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் அவர் முதுகு வலிக்காக ஒருமுறை எக்ஸ்ரே எடுத்திருந்தாராம்! “கிராணி ஐயா, நீங்கள்தானே கையெழுத்து வாங்கினீர்கள்?” என்று மட்டும் அவர் கேட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை.

“முன்னரே இருந்த நோய்” என்னும் அந்த மூன்று சொற்களைத் தேடிக்கொண்டுதான் நான் அமெரிக்க விவகாரத்தைப் படிக்கத் தொடங்கினேன். அங்கே அச்சொற்களைக் காட்டிக் கம்பெனிகள் நெடுங்காலம் நோயாளிகளை வாசலிலேயே திருப்பியனுப்பி வந்தன. 2010-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், 2014 முதல் அவ்விதம் செய்யலாகாது என்று தடுத்தது. சட்டம் ஒன்று அந்த மூன்று சொற்களை அடிக்க முடியும் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, அச்சட்டம் வருவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதை அறிந்தபோது போய்விட்டது.

1945-ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன், எல்லாப் பிரஜைகளுக்கும் சர்க்காரே மருத்துவக் காப்பு அளிக்க வேண்டும் என்று காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். அந்நாட்டு மருத்துவர் சங்கம் கொதித்தெழுந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் வசூலிக்கத் தீர்மானித்து, விளம்பர நிபுணர்களைக் கூலிக்கு அமர்த்தி, “இது சோஷலிஸ்ட் மருத்துவம்” என்று ஊரெல்லாம் பூச்சாண்டி காட்டிற்று. திட்டம் மடிந்தது. 1993-இல் கிளின்டன் முயன்றார். அப்பொழுது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கமே முன்வந்து, ஹாரி, லூயிஸ் என்னும் கற்பனைத் தம்பதிகளைத் தொலைக்காட்சியில் சமையலறை மேசையருகே உட்காரவைத்துக் கவலைப்பட வைத்தது. மறு ஆண்டே அம்முயற்சியும் மடிந்தது.

இவையாவது பகிரங்கமாகச் செய்த எதிர்ப்பு. எதிரி நேரே நின்று பேசினால் அவன் முகத்தையாவது காணலாம். 2009-இல் நடந்த கூத்தைக் கேளுங்கள். இம்முறை இன்ஷூரன்ஸ் சங்கத்தார் வெள்ளை மாளிகைக்கே சென்று, “சீர்திருத்தத்திற்கு நாங்களும் ஒத்துழைப்போம்” என்று வாக்களித்தனர். அதே ஆண்டில் அதே சங்கம், அமெரிக்க வர்த்தக சபைக்கு 8 கோடியே 62 லட்சம் டாலர் கொடுத்தது. வர்த்தக சபை அச்சீர்திருத்தத்தை எதிர்த்து விளம்பரங்களும் கூட்டங்களும் நடத்தியது. வர்த்தக சபையின் கணக்கில் அத்தொகை இருந்தது. கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாமல் இருந்தது. புளூம்பெர்க் செய்தி நிறுவனம் அப்பெயரை 2010 நவம்பரில் வெளியிட்டபோது, சட்டம் கையொப்பமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வலக்கையால் கைகுலுக்கி, இடக்கையால் குழி தோண்டிய இவ்வித்தைக்கு, ஒரு தோட்டத்துக் கிராணி தன் பேரேட்டில் அவ்விதம் வரவு வைத்தால் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். வேலையும் போய், வழக்கும் வரும்.

இவற்றையெல்லாம் உள்ளிருந்தே கண்ட ஒருவர் உண்டு. சிக்னா என்னும் பெரிய கம்பெனியில் பிரசார அதிகாரியாக இருந்த வெண்டெல் பாட்டர், 2009 ஜூன் மாதம் செனட் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். நோயாளிகளைத் தள்ளிவிட்டு லாபத்தைக் காப்பாற்றுகிற முறைகளை அவர் விளக்கினார். இருந்தும் என்ன? கம்பெனிகளோடு போட்டியிடும்படி சர்க்காரே ஓர் இன்ஷூரன்ஸ் நடத்தலாம் என்ற பகுதி, அவ்வாண்டு டிசம்பரில் செனட் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. சட்டம் பல நன்மைகளைச் செய்தது, மறுப்பதற்கில்லை. வசூலிக்கும் சந்தாவில் 100-க்கு 80 அல்லது 85 பங்கை மருத்துவத்திற்கே செலவிட வேண்டும் என்று அது விதித்தது. ஆயினும், எந்தப் பகுதி உயிரோடிருக்கலாம், எந்தப் பகுதி சாக வேண்டும் என்பதில் கம்பெனிகளின் விருப்பம் நோயாளிகளின் விருப்பத்தைவிடக் கனமாக நின்றது.

அபினி விஷயத்துக்கு வருவோம். அங்கே சொற்களின் வல்லமை இன்னும் கொடியது.

1996-இல் பர்டூ கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்னும் அபினி வர்க்க வலிமருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனால் அடிமைப்படும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் பொய் பரப்பியதற்காக, 2007-இல் கம்பெனியும் அதன் அதிகாரிகள் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 63 கோடி டாலருக்கு மேல் கட்டினர். 2020-இல் அக்கம்பெனி மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று ஓர் ஊர். ஜனத்தொகை ஏறக்குறைய 400. நம் தோட்டத்து லயங்கள் நாலைந்தில் அடங்கிவிடக்கூடிய அந்த ஊரின் மருந்துக்கடை ஒன்றுக்கு, இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் அபினி வர்க்க மாத்திரைகள் இறக்கப்பட்டன. இவற்றை அனுப்பிய மொத்த வியாபாரிகளுக்குக் கணக்குத் தெரியாதா? லாரி வாடகையை எழுதிய கிராணிக்குமா தெரியாது?

இத்தகைய சரக்கை உடனே நிறுத்திவைக்கும் அதிகாரம் போதைமருந்துத் தடுப்பு இலாகாவுக்கு இருந்தது. 2016 ஏப்ரல் 19-ஆம் நாள் ஒரு சட்டம் கையொப்பமாயிற்று. “நோயாளிகளுக்கு மருந்து கிடைப்பதை உறுதி செய்யும் சட்டம்” என்னும் கருத்துடைய அழகிய பெயர் அதற்கு! உள்ளே இருந்ததோ வேறு. “உடனடி அபாயம்” என்பதற்குப் புதிய பொருள் எழுதப்பட்டது. உடனே நேரப்போகும் தீங்கின் பெரும் சாத்தியத்தை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று. மாத்திரை இன்று இறங்கும். மரணம் மாதங்கள் கழித்து நேரும். இதை எங்ஙனம் “உடனே” என்று மெய்ப்பிப்பது? பெயர் சொல்லி வாக்கெடுக்காமலே இரு சபைகளிலும் இது நிறைவேறிற்று. 2014 முதல் 2016 வரை இம்மசோதாவுக்காகவும் வேறு மசோதாக்களுக்காகவும் மருந்து வியாபாரிகள் தாழ்வாரத்தில் செலவிட்டது 10 கோடி டாலருக்கு மேல் என்று 2017 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியிட்டது. மசோதாவை முன்னின்று நடத்திய டாம் மரீனோ அப்பொழுது போதைமருந்துத் தடுப்பின் தலைமைப் பதவிக்கே முன்மொழியப்பட்டிருந்தார்! செய்தி வந்த சில நாட்களில் அவர் விலகிக்கொண்டார். ஆடுகளை எண்ணும் வேலைக்கு ஓநாயை வைத்த கதையை நாம் பாட்டியிடம் கேட்டிருக்கிறோம். அமெரிக்கர் கண்ணாலேயே கண்டனர்.

“இதில் இன்ஷூரன்ஸ்காரன் என்ன செய்தான்?” என்பீர்கள். அவன் வாயிற்படியில் நின்றான். அடிமைப்படுத்தும் மாத்திரை மலிவு. அபாயம் குறைந்த வலிமருந்து விலை அதிகம். ஆகவே மலிவானதைத் தாராளமாக விட்டு, விலை அதிகமானதற்குத் தடைகள் வைத்த கம்பெனிகள் உண்டு என்று 2017-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அடிமைப்பட்டவனை மீட்கிற பியூப்ரெநார்பின் என்னும் மருந்துக்கோ, “முன் அனுமதி பெற்று வா” என்று பல கம்பெனிகள் காக்கவைத்தன. நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி விசாரித்த பின்னரே 2016-17-இல் சில பெரிய கம்பெனிகள் அத்தடையை எடுத்தன. விஷத்துக்குத் திறந்த கதவு, மாற்று மருந்துக்குப் பூட்டிய கதவு! போதையிலிருந்து மீள நினைப்பவனின் மனவுறுதி ஒரு நாளில் உடைந்துவிடும் என்பது, மதுவுக்கு அடிமையான மனிதரை வீட்டில் வைத்துப் பார்த்த எவருக்கும் தெரியும்.

மனநோய்க்கும் போதைநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகப் பணம் தர வேண்டும் என்று 2008-இலேயே அங்குச் சட்டம் உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தது. கம்பெனிகள் தந்திரத்தில் இருந்தன. அதை உறுதிப்படுத்த 2024 செப்டம்பரில் விதிகள் வந்தன. வருவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் சங்கம் ஆட்சேபித்தது; வந்த பின் பெருமுதலாளிகளின் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது; 2025 மே மாதத்தில், புதிய விதிகளை வற்புறுத்தப் போவதில்லை என்று சர்க்காரே அறிவித்துவிட்டது. 1999 முதல் 2021 வரை அபினி வர்க்கப் பொருள்களால் அந்நாட்டில் மாண்டவர் ஏறக்குறைய 6,45,000 பேர். 2023-க்குப் பின் சாவு குறைந்து வருகிறது என்பது ஆறுதல். மாண்டவர் மீளார்.

மறுப்போர் வாதத்தையும் கேட்போம். “மனுச் செய்துகொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, கம்பெனிக்கு மட்டும் இல்லையா?” என்கின்றனர். உண்டு. ஆனால் மனு என்பது பெயரெழுதிக் கையொப்பமிட்டுப் பகலில் கொடுப்பது. பெயரை மறைத்துப் பிறர் பெட்டி வழியாகப் பணம் அனுப்புவது மனுவா? “கேட்டதற்கெல்லாம் பணம் கொடுத்தால் சந்தா ஏறாதா?” என்கின்றனர். ஏறலாம். அதைக் கணக்கோடு எங்கள் முன் வையுங்கள். நாங்களும் கூட்டத் தெரிந்தவர்கள்தாம். கணக்கை மூடி வைத்துக்கொண்டு, கட்டணத்தை மட்டும் திறந்து காட்டுவதையே கண்டிக்கிறோம்.

தோழர்களே! இது அமெரிக்காவின் தனிப்பாவம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த மண்ணிலும் நடந்தது. இந்தியாவில் விளைந்த அபினியை விற்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்ற சர்க்கார் தன் வருமானத்தில் ஏறக்குறைய பாதியைப் பெற்றது. அதனால் விளையும் தீங்கை ஆராய அமைத்த கமிஷன் 1908-இல், தீங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்ற முடிவுக்கு வந்தது. 1910-இல் சர்க்காரே அபினி வியாபாரத்தை ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. வருமானம் பெறுபவனையே நீதிபதியாக வைத்தால் தீர்ப்பு வேறெப்படி இருக்கும்?

நம் நாளிலும் பாருங்கள். 2024-இல் மலேசியாவில் மருத்துவக் காப்புறுதிச் சந்தா 40 சதவீதமும் அதற்கு மேலும் ஏறும் என்ற கடிதங்கள் வந்தன. கூச்சல் எழுந்த பின், அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தை மூன்றாண்டுகளுக்காவது பிரித்து வாங்கும்படி செய்தது. கூச்சலிட்டவர்கள் யார்? கடிதம் படிக்கத் தெரிந்தவர்கள். படிக்கத் தெரியாதவர் சார்பில் யார் கூச்சலிடுவது?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. மருத்துவம் பற்றிய எந்த மசோதாவுக்கும் விதிக்கும் எந்தக் கம்பெனி, எந்தச் சங்கம், என்ன யோசனை கொடுத்தது என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே பகிரங்கமாக வெளியிட வேண்டும். கம்பெனி பணம் கொடுத்தால், எந்தப் பெட்டி வழியாகச் சென்றாலும் கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும். தொழிலாளி கையொப்பமிடும் ஒவ்வொரு காகிதமும் அவன் பேசும் மொழியில் இருக்க வேண்டும்.

முதலிரண்டும் பெரியவர்கள் கையில். மூன்றாவதில் என் போன்ற கிராணிகளுக்குப் பங்கு உண்டு. ஆங்கிலம் படித்த பெருமையைக் கழுத்துப்பட்டையில் கட்டிக்கொண்டு, அப்படிப்பை நம்மவர்க்கு ஒரு வரிகூட உதவாமல் வைத்திருந்தோமானால், தாழ்வாரத்தில் நிற்கும் அந்தத் தரகனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவனுக்காவது கூலி கிடைக்கிறது.

இப்பொழுது எங்கள் தோட்டத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் சம்பள நாளன்று வரிவரியாகத் தமிழில் வாசித்துவிட்டே கையொப்பம் வாங்குகிறேன். நேரம் பிடிக்கிறது; மேலே இருப்பவர் முகம் சுளிக்கிறார். முதுகு வளைந்த அந்த மனிதர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறார். “அந்த மூணு வார்த்தை இதிலேயும் இருக்கா, கிராணி ஐயா?” என்பது அவர் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி. சட்டசபைகளில் உட்காருவோர் ஒவ்வொருவரையும் பார்த்து நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.