வரப்பு உடைந்த பாத்தி

மரக்காணத்து உப்பளத்திலே பாடுபடும் தோழரிடம் போய், "பழைய பாத்தி நல்லதா, புதிய பாத்தி நல்லதா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு, "பாத்தியின் வயதிலே என்னய்யா இருக்கிறது, வரப்பு நிற்கிறதா என்று பார்!" என்பார். மழை ஓய்ந்ததும் சேற்றை அள்ளி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, கரைந்த வரப்பை உயர்த்திக் கட்டிய பிறகல்லவா உப்புக்கு வழி!

அந்தப் பாடத்தைக் கணினிக்கும் படிக்க வேண்டிய நாள் வந்திருக்கிறது.

உப்பளத்துக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று கேட்போர் உண்டு. உறவு உண்டு, தோழர்களே! உப்பு விளையாத மழைக் காலத்திலே உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம், கணினியிலே பெயர் ஏறாமல் கைக்கு வருமா? ரேஷன் அட்டை, சாதிச் சான்று, மகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் எந்தப் பெட்டிக்குள்ளே கிடக்கின்றன? நம் வாழ்வு அந்தப் பெட்டிக்குள்ளே! அப்படியானால் அதன் பூட்டும் சாவியும் யாரிடம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பெட்டியை இயக்கும் மூளைக்கு இயங்குதளம் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10, 2015இல் வந்தது. விண்டோஸ் 11, 2021இல் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பழையதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது அந்த நிறுவனம். புதியதற்கு மாறலாம் என்றால், அது எல்லாப் பெட்டியிலும் குடியேற மறுக்கிறது. 4 ஜி.பி. நினைவகம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பட்டியலில் இடம்பெற்ற செயலி என்று நிபந்தனை போடுகிறது. ஏறத்தாழ 2017க்கு முந்திய பெட்டிகளிலே பெரும்பாலானவை தேறுவதில்லை. திரை மங்கவில்லை, விசை தேயவில்லை; ஆனாலும் தகுதி இல்லையாம்! நேற்றுவரை ஏர் இழுத்த மாட்டை, கொம்பு குட்டை என்று கொட்டிலிலிருந்து விரட்டுவது போலிருக்கிறது.

இங்கே இரண்டு கட்சிகள் கிளம்புகின்றன.

"ஓடுகிற வண்டி ஓடட்டும், மாற்றவே வேண்டாம்" என்பது ஒரு கட்சி. 2017 மே மாதத்தை இவர்கள் மறந்துவிட்டார்கள். 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் ஏறத்தாழ 150 நாடுகளிலே புகுந்தது; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது; பிரிட்டனின் பொது மருத்துவமனைகளிலே சிகிச்சைகள் தள்ளிப்போயின. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் துளையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. அடைக்காமல் விட்டவர் வீட்டிலேதான் வெள்ளம் புகுந்தது! இனிமேல் திருத்தமே வராத பெட்டியின் கதி என்ன? வரப்பு கட்டும் கை ஓய்ந்துவிட்ட பாத்தி அது. வானம் வெளுத்திருக்கும்வரை உப்பு விளையும். மழை வந்தால் பாத்தியே இருக்காது. இதனால்தான் ரிசர்வ் வங்கி 2018இலே, ஆதரவு இழந்த இயங்குதளங்களைப் பணம் வழங்கும் எந்திரங்களிலிருந்து ஓராண்டுக்குள் அகற்றுமாறு வங்கிகளுக்குக் கட்டளையிட்டது.

"பழையதைத் தூக்கி எறி, புதியது வாங்கு" என்பது இன்னொரு கட்சி. வாங்கும் காசு யாருடையது? வெயிலிலே கண் கூச, உப்பிலே பாதம் வெடிக்க, வாருபலகை பிடித்தவர் காசல்லவா! ஐரோப்பாவைப் பாருங்கள். ஓராண்டு நீட்டிப்புக்கு 30 டாலர் கொடு, அல்லது உன் அமைப்பு விவரங்களை எங்கள் கிடங்கிலே சேமி என்று நிபந்தனை வைத்தது நிறுவனம். அங்கே நுகர்வோர் அமைப்பு தட்டிக் கேட்டது; அப்பகுதி மக்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகள் தளர்ந்தன. கேட்டவனுக்குக் கிடைத்தது, கேளாதவனுக்கு நிபந்தனை நின்றது.

மூன்றாம் வழி இல்லையா? உண்டு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்ற பொதுச் சொத்து. அதன்மேல் எழுந்த 'பாஸ்' இயங்குதளம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலே உருவாக்கியது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியிலே விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. எத்தனை வீட்டில் இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தோம்? கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்துகின்றன.

ஆனால், உண்மையை மறைத்து ஊர்வலம் போகக் கூடாது. கைரேகைக் கருவி, மின்னொப்பக் கருவி, கணக்கு மென்பொருள் ஆகியவற்றிலே சில விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. லினக்ஸிலே முரண்டு பிடிக்கும். ஆகவே எல்லாப் பெட்டிக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

பொதுமக்களின் பணமும் பெயரும் புழங்கும் சேவை மையப் பெட்டியா? திருத்தம் வரும் இயங்குதளம் கட்டாயம். செலவு அதை நடத்துவோர் தலையில், மக்கள் தலையில் அல்ல. சங்க அலுவலகத்து உறுப்பினர் பதிவேடா? இன்றே வேறொரு வட்டிலே நகலெடுத்து வையுங்கள். பிள்ளையின் பழைய மடிக்கணினியா? லினக்ஸைப் பென் டிரைவிலே ஏற்றி, உள்ளிருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பாருங்கள். வை-ஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியானால் மாறுங்கள். ஒரே ஒரு மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸ் வேண்டுமா? இணையத்தைத் துண்டித்து வையுங்கள்.

அரசிடமும் கேட்போம். 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்றது, வரவேற்போம். ஒவ்வொரு பெட்டியின் மேலும், எந்த ஆண்டுவரை திருத்தம் வரும் என்று தமிழிலே அச்சிடட்டும். அரசின் படிவங்கள் எல்லா இயங்குதளத்திலும் திறக்கட்டும். ஒரு நிறுவனத்தின் சாவி இல்லாமல் குடிமகன் அரசின் வாசலைத் தாண்ட முடியாது என்பது என்ன நியாயம்?

பழையது என்பதற்காகப் பூசை போட வேண்டாம். புதியது என்பதற்காகப் பல்லக்கு தூக்கவும் வேண்டாம். யார் காக்கிறார், எதுவரை காக்கிறார், என்ன விலை கேட்கிறார் என்ற மூன்று கேள்வி போதும். 2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெங்கல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் பாடாய்ப்படுத்தியதே, நினைவிருக்கிறதா? புயல் வந்த இரவிலே வரப்பு கட்ட முடியாது, தோழர்களே. வெயில் அடிக்கும்போதே மண்வெட்டியை எடுங்கள்!