பனியருகே ஒரு பணி

"படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போகப்போகிறாய்?" என்று யாரேனும் கேட்டால், "பனிச்சறுக்கு ஆட வாய்ப்புள்ள வேலைக்கு" என்றே விடை சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் சிரிப்பார்கள். நான் குடியிருப்பது ஸ்ரீவராகம். ஆண்டு முழுதும் வேர்வை வழியும் ஊரில் பனிக்கு ஏது பேச்சு?

ஆனால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில், சென்ற ஆண்டு பிப்ரவரியில் காசுமீரத்துக் குல்மார்க் சென்று இரு வாரம் பயின்றேன். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். முதல் நாள் முழுதும் விழுந்தேன். பத்தாம் நாள் விழாமல் இறங்கினேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

நண்பர்களே, ஆசை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். வீட்டார் விரும்புவது வங்கி வேலை. நல்ல வேலைதான். ஆனால், தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். இரயிலில் சம்மு போக மூன்று நாள், திரும்ப மூன்று நாள். மார்ச்சிலோ கணக்கு முடிக்கும் நெருக்கடி. "ஆசிரியராகிவிடு, விடுமுறை மிகுதி" என்பார் சிலர். கேரளத்தில் பள்ளி விடுமுறை ஏப்ரலும் மேயும். குல்மார்க்கில் சறுக்கும் காலம் திசம்பர் முதல் மார்ச்சு வரை. நாம் போய்ச் சேரும்போது பனி உருகியிருக்கும்! எத்தனை நாள் விடுமுறை என்பதைவிட, எந்த மாதத்தில் விடுமுறை என்பதே இங்குக் கேள்வி.

அறிவியல் மாணவர்க்குப் பனியாற்று ஆராய்ச்சி நினைவுக்கு வரலாம். இமயத்துப் பனியாறுகளை அளப்போர் பெரும்பாலும் மலை ஏறுவது குளிர் தணிந்த மாதங்களில்தான். குளிர்காலத்திலும் பனியோடு வாழ்வோர் பனிச்சரிவை ஆராய்வோர். அதற்கென 1969-இல் மணாலியில் தொடங்கிய நிலையம், 2020-இல் வேறோர் ஆய்வுக்கூடத்தோடு இணைந்து, பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. உயர்ந்த பணி; ஆனால், எல்லைப்புறத்து வீரர்களின் உயிரைக் காக்கும் பணி. அதை என் விளையாட்டுக்கு ஏணியாக்க மனம் ஒப்பவில்லை.

எனக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது இதுதான்: குளிர்ப்பகுதியிலுள்ள கேந்திரிய வித்யாலயப் பள்ளியில் ஆசிரியர் பணி. அங்கே நீண்ட விடுமுறை குளிர்காலத்திலேயே வருகிறது. இதற்குப் பி.எட். பட்டமும் வேண்டும், இன்னும் இரண்டாண்டு படிக்க வேண்டும். கேட்ட ஊர் உடனே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆயினும், பலர் போகத் தயங்கும் ஊரை நாமே கேட்கும்போது வாய்ப்பு மிகுதி என்றே நம்புகிறேன்.

"பெற்றோரை விட்டு அவ்வளவு தொலைவா?" என்பது நேர்மையான கேள்வி. அதற்காகவே என் திட்டத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறேன்: ஐந்தே ஆண்டு, ஊதியத்தில் பாதி வீட்டுக்கு. பிறகு தெற்கே மாற்றல் கேட்பேன்.

என் தந்தையார் ஆரல்வாய்மொழியைத் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்கு வேலை தேடி வந்தவர். ஊரார் அன்று அவரையும் "ஏன் இவ்வளவு தொலைவு?" என்று கேட்டார்களாம். பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தால் துணிவு என்கிறோம். பிழைப்போடு மகிழ்ச்சியையும் தேடிப் புலம்பெயர்ந்தால் மட்டும் பொறுப்பின்மையா? 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் பனிவண்டிப் போட்டியில் கலந்துகொண்ட சிவ கேசவன், மலையாளித் தந்தைக்கு மணாலியில் பிறந்தவர். தந்தை வடக்கே போயிராவிட்டால் மகனுக்குப் பனி ஏது?

வேலை தேடும் தோழர்களே! ஊதியத்தைக் கேளுங்கள், ஓய்வூதியத்தையும் கேளுங்கள். அவற்றோடு, "ஆண்டில் எந்த மாதம் என்னுடையது?" என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.