அரை மைலுக்கு அப்பால்

டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாய் மிசூரி ஆற்றைக் கடக்கும் இடத்தில் யாருக்கெல்லாம் பாதிப்பு வரும் என்று பார்க்க, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அரை மைல் சுற்றுவட்டாரத்தை எல்லையாக வைத்துக்கொண்டது. ஸ்டாண்டிங் ராக் சூ பழங்குடியினரின் நிலம் தொடங்குவது 0.55 மைலில். ஏறத்தாழ 80 மீட்டர் வித்தியாசத்தில் அந்த மக்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள். அதுவும் ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில். குழாய் கசிந்தால் எண்ணெய் வந்து சேரப்போவது அவர்கள் குடிக்கும் தண்ணீரில்.

வடக்கு டகோட்டாவின் பக்கன் எண்ணெய் வயல்களிலிருந்து இல்லினாய் வரை 1,172 மைல் நீளும் இந்தக் குழாய்க்கு முதலில் வேறொரு பாதையும் பரிசீலிக்கப்பட்டது. அது, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் பிஸ்மார்க் நகருக்கு வடக்கே ஆற்றைக் கடப்பது. நகரின் குடிநீர்க் கிணறுகளுக்கு அருகில் வருகிறது என்பது அதைக் கைவிடச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நியாயமான காரணம்தான். பழங்குடியினர் குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் செல்லவில்லை?

குழாய் அடியில் செல்லும் ஓவாஹி ஏரி இயற்கையான ஏரி அல்ல. 1944 வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்படி இதே பொறியாளர் படை மிசூரி ஆற்றின் குறுக்கே கட்டிய அணையின் நீர்த்தேக்கம். அதற்காக ஸ்டாண்டிங் ராக் மக்கள் இழந்தது ஏறத்தாழ 56,000 ஏக்கர். விறகும் மூலிகையும் தந்த ஆற்றோரக் காடு, வளமான வண்டல் நிலம், வீடுகள் எல்லாம் மூழ்கின. நிலத்தை விழுங்கிய அந்த நீர்தான் இன்று அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம். 2016-ல் குழாயை எதிர்த்து, ஸ்டாண்டிங் ராக்கைச் சேர்ந்த லடோனா பிரேவ் புல் அலார்டின் நிலத்தில் தொடங்கிய முகாமுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டதை வெறும் சுற்றுச்சூழல் போராட்டமாகப் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தவறவிடுகிறார்கள். நவம்பர் 20 இரவு, உறைபனிக் குளிரில், போராடியவர்கள்மீது காவல் துறை தண்ணீரைப் பீய்ச்சியடித்தது.

ரயிலைவிடக் குழாய் பாதுகாப்பானது என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2013-ல் கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் பக்கன் எண்ணெய் ஏற்றிவந்த ரயில் வெடித்து 47 பேர் மாண்டார்கள். ஆனால், குழாயின் பாதுகாப்பைச் சொல்லால் அல்ல, ஆய்வால் நிறுவ வேண்டும். கசிவைக் கண்டறியும் கருவிகளுக்கு, ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கசிவு தெரியாது என்பதை, பழங்குடியினர் தொடுத்த வழக்கில் 2020-ல் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் சுட்டிக்காட்டினார். நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய் ஓடினால், அந்த ஒரு சதவீதம் 6,000 பீப்பாய், ஏறக்குறைய 9.5 லட்சம் லிட்டர். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது இது கண்ணுக்கும் படாது.

விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு தேவை என்று சொல்லி 2016 டிசம்பரில் பொறியாளர் படையே அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த பிப்ரவரியில், ஆட்சி மாறியதும், அந்த ஆய்வு இல்லாமலே அனுமதி வழங்கப்பட்டது. ஜூனில் எண்ணெய் பாய்ந்தது. 2020-ல் போஸ்பெர்க் அந்த அனுமதியை ரத்துசெய்து குழாயைக் காலிசெய்யச் சொன்னார். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி ரத்தானது சரி, ஆனால் குழாயை மூட அந்த உத்தரவு போதாது என்றது. சட்டம் பழங்குடியினர் பக்கம் நின்றது. எண்ணெயோ நிறுவனத்தின் பக்கம் ஓடியது. முதலில் கட்டிவிட வேண்டும், கோடிக்கணக்கான டாலர் மண்ணுக்குள் போய்விட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் தயங்கும் என்ற பாடத்தை இனி எல்லா நிறுவனங்களும் கற்றுக்கொள்ளும். எனக்கு அதுதான் பெரும் அச்சம்.

பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களின் ஒப்புதலை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்கிறது 2007-ன் ஐ.நா. பிரகடனம். எதிர்த்து வாக்களித்த அமெரிக்கா 2010-ல் அதற்கு ஆதரவு தெரிவித்தது. அந்த ஆதரவுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், ஸ்டாண்டிங் ராக் மக்கள் ஒப்புக்கொள்ளும்வரை ஓவாஹி ஏரிக்கு அடியில் எண்ணெய் ஓடக் கூடாது.